கருவறைக்குக் கீழே

"ஏங்க, கையை விட்டுடாதீங்க" என்று இருட்டுக்குள் ஒரு பெண் குரல் கேட்டது. அடுத்த நொடி, மொரியாமாவின் இடது கையை ஒரு கை இறுக்கமாகப் பற்றிக்கொண்டது.

அவர் அப்படியே நின்றுவிட்டார். நகானோ கோயிலின் கருவறைக்கு அடியில் ஓடும் அந்த வழியில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்புதான். பாவம், யாரோ ஒரு அம்மா தன் வீட்டுக்காரர் என்று நினைத்து ஆள் மாறிப் பிடித்துவிட்டாள்.

சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். ஆனால் சொல்லவில்லை. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு ஒசாகா போய் ஏழு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் கை பிடித்ததெல்லாம் ஸ்டீயரிங்கையும் பனி வாரும் மண்வெட்டியையும்தான்.

மொரியாமா பனிச்சறுக்கு விடுதியில் வேன் ஓட்டுகிறவர். மலையில் காற்று பலமாகி, ஆட்களை உச்சிக்கு ஏற்றும் லிஃப்ட் நின்றுவிட்டால் விருந்தாளிகளைக் கோயிலுக்குக் கூட்டி வருவார். வழியெல்லாம் ஓயாத புத்திமதி. சறுக்கு பூட்ஸோடு கோயிலுக்கு வராதீர்கள், கழற்ற லேசான ஷூ போடுங்கள், குளிருக்கு ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பையை வயிற்றுப் பக்கம் ஒட்டுங்கள், ஓட்டை சாக்ஸ் போட்டு வந்தால் மானம் போய்விடும். கீழே இறங்கினால் வலது கையை இடுப்பு உயரத்தில் சுவரோடு வைத்தபடி போங்கள், சுவரில் தொங்கும் சாவி தட்டுப்படும். அந்தச் சாவியைத் தொட்டவர்களைப் புத்தர் கைவிடமாட்டார்.

ஊருக்கெல்லாம் சொல்கிறவர் இன்று மாட்டிக்கொண்டு வந்தது ஓட்டை சாக்ஸைத்தான். வீட்டில் எடுத்துச் சொல்லத்தான் யார் இருக்கிறார்கள்?

இத்தனை வருஷத்தில் அவர் சாவியைத் தொட்டதே இல்லை என்று தெரிந்ததும், இன்று வந்த நான்கு விருந்தாளிகளும் கேலி செய்தே அவரை ஷூவைக் கழற்றவைத்து வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அவர் வெளியே வரும் அழகைப் படம் பிடிக்க மேல்படியில் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அதை நினைத்ததும் அவருக்கு வியர்த்தது. வெளிச்சத்தில் இந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துக் கத்தினால் போதும். இருட்டில் பெண்ணின் கையைப் பிடித்தவன் என்று பேர் வந்துவிடும். அறுபத்தொரு வயதில் இந்த வேலையும் போனால் பேசுவதற்கு வேனில்கூட ஆள் இருக்காது.

அவளோ பேசிக்கொண்டே வந்தாள். பனியில் கழுத்துக்குத் துணி சுற்றாமல் கிளம்பியதற்குத் திட்டினாள். ராத்திரி சாப்பாட்டுக்குச் சூடாகக் குழம்பு வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"அது கெடக்கட்டும், ஓட்டை சாக்ஸோட யாராவது கோயிலுக்கு வருவாங்களா? எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

அந்த வீட்டுக்காரரும் நம்ம கேஸ்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் மொரியாமா. திட்டு வாங்க ஆள் இருக்கிற அந்த மனிதர் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது. 'உம்' என்று மட்டும் சொன்னார்.

வலது கையில் சில்லென்று இரும்பு தட்டியது. சாவி. இரண்டு தரம் ஆட்டிவிட்டு, அவள் விரல்களையும் எடுத்து அதன் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் இருவரும் நகரவே இல்லை.

அடுத்த திருப்பத்தில் படிக்கட்டின் வெளிச்சம் லேசாகத் தெரிந்தது. அவர் கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை. இன்னும் நாலே படி என்று மனம் அடித்துக்கொண்டது. பயம் ஒரு பக்கம் இருக்க, இந்தப் படிகள் நாற்பதாக இருக்கக்கூடாதா என்றும் இருந்தது அவருக்கு.

மேலே வந்தார்கள். நல்லவேளை, விருந்தாளிகள் நால்வரும் பிரசாதக் கடையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். மொரியாமா கையை விடுவித்துக்கொண்டு இடுப்பு வளையக் குனிந்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்க வீட்டுக்காரர்னு நெனச்சு என் கையைப் பிடிச்சிட்டீங்க. நான் அப்பவே சொல்லியிருக்கணும், தப்பு என்னோடதுதான். அவர் பின்னாடி வர்றாரா? நானே அவர்கிட்ட எடுத்துச் சொல்லிடறேன்."

நிமிர்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், நரைத்த கூந்தலை இறுக முடிந்திருந்தாள். காதுமடல் சிவந்துபோயிருந்தது. அவள் திடுக்கிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவரைவிடத் தாழக் குனிந்து வணங்கினாள்.

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க."