வண்டு வந்த வழி

காபித் தம்ளரில் வண்டு மிதந்தது.

தானியக் கிடங்கில் தரம் பார்த்து மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்புகிறவள் வீட்டில்! வெளியே தெரிந்தால் சந்தி சிரித்துவிடும்.

"எந்த டப்பாவைத் திறந்து போட்டீங்க? தப்பு உங்க மேலன்னு தெரியட்டும், இந்தத் தடவை மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட வேண்டியதுதான்."

கணவர் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாத்தையும் மூடித்தான் வெச்சேன்" என்றார்.

மூடினாராம். வேலை போய் ஒரு வருஷமாக வீட்டைப் பார்த்துக்கொள்கிற லட்சணம் இது. வெந்நீரைக்கூட அடிப்பிடிக்க வைக்கிற ஆள் என்று அவருடைய தம்பி எதிரிலேயே சொல்லிக் காட்டியிருக்கிறாள். அதற்கும் ஒரு அசட்டுச் சிரிப்பு. சூடு சுரணை இருந்தால்தானே!

கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று பையிலிருந்து லென்ஸை எடுத்தாள்.

நீண்ட மூக்கு இல்லை. அப்படியானால் அரிசி வண்டு அல்ல. மாவு வண்டு போல ஒல்லியும் அல்ல. குட்டை உடம்பு, பின்பக்கத்தை முழுக்க மூடாத இறக்கை.

பயறு வண்டு.

இது முழுப்பயறைத் துளைத்து உள்ளே வளர்கிற ஜாதி. இவள் டப்பாக்களிலோ உடைத்த பருப்புதான். முழுப்பயறு அவருக்கு உயிர், இவளுக்கு ஆகாது. இவளுக்கு ஆகாதது இந்த வீட்டு வாசற்படி ஏறாது.

அலமாரியில் இன்னொன்று ஊர்ந்தது. சுவரில் இரண்டு. அதற்கும் மேலே, பரணில், அவருடைய பழைய பெட்டி.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். குழாய்ச் சத்தம் நின்றது.

"அதை விட்டுடு. நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கிட்ட அழகுதான் தெரியுதே!" என்று பெட்டியைத் திறந்தாள்.

ஒரு பை பயறு. ஒன்று பாக்கியில்லாமல் ஓட்டை, பாதி மாவாகிக் கிடந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, மடித்து வைத்த இரண்டு சட்டை.

ஒரே ஒரு தட்டு.

இந்த வண்டுக்கு மாதத்துக்கு ஒரு தலைமுறை. இவ்வளவு மாவாக வேண்டுமானால் எத்தனை தலைமுறை என்பது அவளுக்கு அத்துப்படி. குறைந்தது ஐந்து மாதம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அப்படி என்ன சொல்லிவிட்டோம் என்று நாற்காலிமேல் நின்றபடியே யோசித்தாள்.

தனியாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எல்லாம் தினமும் சொல்வதுதான்.