அப்பாவின் அறுபது லிட்டர்

இறந்துபோன அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராய்த் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்து முடித்தார்கள். குளிப்பாட்டக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஆளுக்கு அறுபது லிட்டர் வீதம் தண்ணீர் அளந்துவிடும் சுவர்ப் பெட்டியில் வீட்டின் அன்றைய அளவு இருநூற்று நாற்பதிலிருந்து நூற்றெண்பது லிட்டராகக் குறைந்திருந்தது. அதையும் காலையிலேயே செலவழித்திருந்தோம்.

"சாவைப் பதிஞ்சது எவம்ல?" என்று கத்தினேன்.

"டாக்டர் சொன்னதும் நாந்தான் பதிஞ்சேன்ணே," என்றான் தம்பி இசக்கிராஜ்.

"கூறுகெட்டவனே! குளிப்பாட்டிட்டுல்லா பதியணும்? ஊரே அப்படித்தானல செய்யுது!"

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் தன் வீட்டுக் குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமந்து வந்தாள். "பொணத்தைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணி விடாத பெட்டியை எந்தப் பாவி செஞ்சான்? அவன் வீட்டுல சாவே விழாதா?" என்று திட்டிக்கொண்டே அப்பாவின் தலையில் ஊற்றினாள்.

சீயக்காய் கரைந்து என் காலடியில் ஓடியது. எங்கள் ஊர்ப் பெட்டிகளுக்கெல்லாம் அளவு அமைத்துக் கொடுத்தவன் நான். ஒருவர் இறந்தால் அவர் பங்கை அந்த நாள் முடியும்வரை விட்டுவைக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "செத்தவனுக்கு எதுக்குய்யா தண்ணி?" என்று சொல்லி, உடனே கழிக்கும்படி வைத்தது இந்தக் கைதான்.