உட்கார்ந்தே இருக்கும் குருவிகள்

பதினோரு குருவிகளைப் பாலத்தின் மேலிருந்து பறக்கவிட்டு, "புத்தர் பெருமானே, புண்ணியம் சேரட்டும்" என்று கைகூப்பித் திரும்பினாள் ஓகினு. அப்போதுதான் அந்த அநியாயம் கண்ணில் பட்டது.

ஓவியர் ஜின்பெய், அவளுக்குக் குருவி விற்ற அதே குருவிக்காரனிடம் ஒரு கூண்டை வாங்கினார். திறந்துவிடவில்லை. துணியால் மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஜப்பானின் எடோ நகரமே புண்ணியத்துக்காகக் கூண்டைத் திறக்கிற நாள். இன்றைக்குப் போய் இந்த வேலையா!

ஓகினுவின் வீட்டுக்காரர் பறவைப் படங்களை மரப்பலகையில் செதுக்க வைத்து, அச்சடித்து விற்பவர். படம் வரைந்து தருவது ஜின்பெய். அதில்தான் அவர் வீட்டு உலை கொதித்தது.

"ஒண்ணாவது பறக்குதா பாரு! கிளையில உட்காருது, பாறையில உட்காருது. பக்கத்துக் கடைப் படத்துல எல்லாம் ஜோரா பறக்குது. நாளைக்கும் பறக்கலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று காலையில்தான் வீட்டுக்காரர் கத்தியிருந்தார். ஓகினுதான் ஜின்பெய்க்காகப் பரிந்து பேசி அவரை அடக்கினாள்.

இந்த மனுஷனுக்காகவா பரிந்து பேசினோம் என்று ஓகினுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே ஜின்பெய் வீட்டுக்குப் போனாள்.

"ஏங்க ஓவியரே, நல்ல நாளும் அதுவுமா ஒரு வாயில்லா ஜீவனை அடைச்சு வெச்சாத்தான் உங்களுக்குப் படம் வருமா?"

"வாங்க முதலாளியம்மா. டீ குடிக்கறீங்களா?"

"டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். கூண்டைத் திறங்க முதல்ல!"

"திறந்துதாம்மா இருக்கு."

துணியை இழுத்தாள். கதவு திறந்தேதான் இருந்தது. குருவி தத்தித் தத்தி வெளியே வந்து, எம்பி, பொத்தென்று பாயில் விழுந்தது. ஒரு இறக்கை தொங்கியது. இறகெல்லாம் பசை காய்ந்து ஒட்டியிருந்தது.

அப்புறம்தான் அறையைப் பார்த்தாள். ஜன்னலோரம் இரண்டு, மைக்கிண்ணத்துப் பக்கம் மூன்று. எல்லாமே உட்கார்ந்திருந்தன, அவர் படத்தில் இருப்பது போலவே.

"எந்தப் பாவி இப்படிப் பண்ணினான்?" விழுந்த குருவியைக் கையில் எடுத்தாள்.

ஜின்பெய் தயங்கினார். "குருவிக்காரன்தாம்மா. மூங்கில் குச்சியில பசை தடவிப் பிடிப்பான். பாலத்துல விட்டதையே மறுபடி பிடிச்சு, மறுபடி விப்பான். நாலு தடவை பசையில மாட்டினா இறக்கை போயிடும். பறக்காத குருவியை யார் வாங்குவா? ஆத்துல தூக்கிப் போட்டுடுவான். அதான் நான் வாங்கிக்கறேன்."

"அவனுக்கு ஏன் இந்தப் பிழைப்பு?"

"வாங்கறதுக்கு ஆள் இருக்கேம்மா" என்றார் மெதுவாக.

ஓகினு கையிலிருந்த குருவியைப் பாயில் மெல்ல இறக்கிவிட்டு வீடு திரும்பினாள்.

மறுநாள் ஜின்பெய் படத்தைக் கொண்டுவந்தார். கிளையில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது.

"இதுவும் பறக்கலையே!" வீட்டுக்காரர் எகிறினார்.

ஓகினு படத்தை வாங்கிச் செதுக்குபவரிடம் நீட்டினாள்.

"இதையே செதுக்குங்க. நான் புண்ணியம் தேடிப் பறக்கவிட்ட குருவி, இனிமே எங்கேங்க பறக்கும்?"