நந்தியின் காது

சிற்பி சாப்பிடப் போயிருந்தார். பாதி முடிந்த நந்தியின் முதுகில் கிடந்த உளியும் சுத்தியலும் சண்டை பிடித்தன.

"இந்தக் காதைப் பாரு! நாளைக்கு ஊரே இதுலதான் வந்து வேண்டுதல் சொல்லும். செதுக்கினது நான்," என்றது உளி.

"என் அடி இல்லாம நீ எதைச் செதுக்குவே? நான் செதுக்கலைன்னா இவன் இந்நேரம் ரோட்டுல ஜல்லி," என்றது சுத்தியல்.

நந்தி ஒன்றும் சொல்லவில்லை. வாய் இன்னும் செதுக்கவில்லை.

சிற்பி வந்து வாயை முடித்தார். காதில் கடைசியாக ஒரு தட்டுத் தட்டினார். காது உடைந்து விழுந்தது. பின்னமான சிலையைக் கோயிலில் வைக்கமாட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டு அதை ஓரமாகத் தள்ளினார்.

"என்னைச் செதுக்கினது யாருப்பா?" என்று கேட்டது நந்தி.

"சுத்தியல் தள்ளிச்சு, நான் போனேன். அவ்வளவுதான்," என்றது உளி.

"நான் கல்லைத் தொட்டதே இல்லையே!" என்றது சுத்தியல்.

"கல்லே சரியில்லை," என்றன இரண்டும் சேர்ந்து.

மறுநாள் புதுக் கல் வந்து இறங்கியது. இவனைச் செதுக்கப்போவது நான்தான் என்று இரண்டும் பழையபடி ஆரம்பித்தன.

"தம்பி, பேசாம ஜல்லியாவே போயிடு!" என்று ஓரத்திலிருந்து கத்தியது நந்தி.

புதுக் கல்லுக்குக் காது இன்னும் செதுக்கவில்லை.