இரண்டாவது சீட்டு

"சொல்லுடா! அந்த ஒரு சீட்டு உன்னுதுதானே?"

சங்கச் செயலாளர், லேத் மெஷின்காரரின் காலரைப் பிடித்து உலுக்கினார். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழிற்சங்கத்துக்கு இனித் தேர்தலே கிடையாது, சாகும்வரை இவரே தலைவர் என்ற தீர்மானத்துக்கு அன்று ரகசிய வாக்கெடுப்பு. ‘சரி’ என்று இருநூற்றுப் பதினாலு சீட்டு. ‘வேண்டாம்’ என்று ஒன்றே ஒன்று.

"கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்னு தலைவரையே கேள்வி கேட்டவன் நீதானே?"

"அது அந்தக் காலம்ணே!" லேத்காரர் காலில் விழாத குறையாக அழுதார். "பிள்ளைகுட்டிக்காரன் நான், வேலை போயிடும். என் பொண்ணு மேல சத்தியமா ‘சரி’ன்னுதான் போட்டேன், தலைவரே!"

தலைவர் அவர் கண்களையே உற்றுப் பார்த்தார். பொய் இல்லை.

"விடுய்யா அவரை. எல்லாரும் கிளம்புங்க."

"அப்போ அந்தத் துரோகி யாருன்னு கண்டுபிடிக்க வேணாமா?"

"வேணாம்."

அறை காலியானது. தலைவர் அந்த ஒற்றைச் சீட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தால் இரண்டு ‘வேண்டாம்’ இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். ஒன்று, லேத்காரருடையது.

இன்னொன்று, காலையில் அவரே தன் கையால் எழுதி, மடித்துப் போட்டது.