கலப்பைக்கொம்பனின் இயற்பெயர்

கலப்பைக்கொம்பன் எண்பது அடித் தொலைவில் வந்து நின்றது.

என் அக்காளின் கணவர் அவெர்கி, எங்கள் வேட்டைக்குழுவின் தலைவர், துப்பாக்கியைத் தோளில் சார்த்தினார். நான் அவருக்குப் பின்னே மூச்சை அடக்கி நின்றேன்.

குதிரையினும் உயர்ந்த அந்த மானுக்கு 'லோஸ்' என்பது இயற்பெயர். வேட்டை முடியும்வரை காட்டுக்குள் எவரும் அதனை உச்சரித்தலாகாது. உச்சரித்தால் கேட்டுவிடும், கேட்டால் போய்விடும்.

ஆதலால், அதன் கொம்பில் உழுபடையைக் கண்ட எம் முன்னோர் கலப்பைக்கொம்பன் என்றனர். அங்காரா ஆற்றின் அக்கரையில் வாழும் எவெங்கியப் பழங்குடியினரோ வெறுமனே 'விலங்கு' என்பர். வடவானின் ஏழு விண்மீன்களுக்கும் லோஸ் என்றே பெயர். வேட்டைக்காலத்தில் அவற்றையும் விரலால் மட்டுமே சுட்டுவோம்.

ஐந்து குடும்பங்களுக்கு ஒரே அனுமதிச்சீட்டு. அதற்கும் அன்றே இறுதி நாள்.

இவற்றினும் பெரியதொன்று அன்று காலை, கஞ்சி குடிக்கையில் நிகழ்ந்திருந்தது.

"பெரிசுக்குக் கண்ணு போச்சுப்பா. இன்னைக்குக் குண்டு தப்புச்சுன்னா இனிமே நான்தான் தலைவன்," என்றான் எங்கள் குழுவிலிருந்த குஸ்மா.

"உன் மீசைய நூறடியில இருந்து ஒண்ணொண்ணா எண்ணிக் காட்டவாடா?" என்றார் மச்சான்.

அனைவரும் நகைத்தனர். நகைத்தவாறே குஸ்மாவின் நிபந்தனைக்கு உடன்பட்டும் விட்டனர்.

இப்போது மச்சானின் விரல் விசையைத் தொட்டது.

"லோஸ்!" என்றேன் நான், உரத்த குரலில்.

ஒரு காது திரும்பியது. மறுகணம், முதற்பனி உதிர, கிளைகள் மட்டுமே அசைந்தன.

விலங்கை எங்கள் பக்கம் விரட்டிவந்த குஸ்மா, புதருக்குள்ளிருந்து பாய்ந்தான்.

"எவண்டா அந்தப் பேரச் சொன்னது?"

"நான் நட்சத்திரத்தச் சொன்னேன்."

"பட்டப்பகல்லயா?"

பெயர் சொல்லப்பட்ட வேட்டை வேட்டையாகாது, சுடுபவர்மீது பழியுமில்லை. இது எங்கள் நெறி. குஸ்மாவாலும் அதனை மறுக்க இயலவில்லை. பெயரைச் சொன்னவனுக்கோ ஓராண்டு முழுதும் பாத்திரம் துலக்கும் தண்டனை. அதற்கு மேல், ஐந்து வீட்டுப் பெண்களுக்கும் அவனே விடை கூறல் வேண்டும்.

நான் குடிலின் புறத்தே அமர்ந்து, பனியை அள்ளிக் கஞ்சிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் வந்து அருகில் குந்தினார்.

"நான் குறி வச்ச எடத்துல என்ன இருந்துச்சு, மாப்ளே?"

"பட்டுப்போன மரம், மச்சான்."

அவரும் ஒரு பிடி பனியை அள்ளி, சட்டியின் மறுபுறத்தைத் தேய்க்கலானார்.

குஸ்மாவின் காலடியோசை கேட்டது.

"தலையக் குனிஞ்சுக்கோ," என்று முணுமுணுத்தார் மச்சான். பின்னர், காடே அதிரும் வண்ணம் என்னைத் திட்டத் தொடங்கினார்.