இரண்டு கட்டில் அறை

"கொக்கி வெளிப்பக்கமா வரணும், தம்பி. வலதை இடது கால்ல மாட்டியிருக்கீங்க."

நிலவறைப் படிக்கட்டில் நின்றபடி வால்புர்கா சொன்னாள். கெர்னோட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காதலி வெரேனாவின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்தவன், யாருக்கும் தெரியாமல் கீழே இறங்கிப் பனிச்சறுக்கு பூட்ஸைப் போட்டுப் பார்த்தது தப்புதான். அதற்காக வருங்கால மாமியாரிடமா அகப்பட வேண்டும்?

"சும்மா... அளவு பார்க்கலாம்னு அத்தை..."

"உங்களுக்குச் சறுக்கத் தெரியாது. அப்படித்தானே?"

தேள் கொட்டிய திருடனைப் போல விழித்தான். பிறகு மெல்லத் தலையாட்டினான்.

அவன் சமவெளியில் பிறந்தவன். அவன் ஊரில் உயரமானது என்றால் வைக்கோல் போர்தான். ஆனால் ஆஸ்திரியாக்காரன் ஒருவன் எனக்குச் சறுக்கத் தெரியாது என்று வெளியே சொல்ல முடியுமா? முதல் சந்திப்பில் வெரேனா, "நல்லா சறுக்குவேதானே?" என்று கேட்டபோது, "அது இல்லாமலா!" என்று வாய் முந்திக்கொண்டது. அந்த ஒரு பொய் இப்போது கல்யாணத்தையே காவு கேட்டது.

மேலே சாப்பாட்டு அறையிலிருந்து கோர்பினியனின் குரல் முழங்கியது. ஊரின் கசாப்புக் கடைக்காரர், வெரேனாவின் அப்பா.

"போன வருஷம் இந்த முழங்கால் மட்டும் மக்கர் பண்ணலேன்னா நான் யாருன்னு காட்டியிருப்பேன்! வெந்நீர் ஊற்றுக்குப் போய் மூட்டு வைத்தியம் பண்ணிட்டு வரேன், அப்புறம் பாருங்க. பிப்ரவரியில வெரேனாவோட ஆளு மலை உச்சியிலேர்ந்து அடிவாரம் வரைக்கும் என்கூடச் சறுக்கி வரணும். வந்தாத்தான் மாப்பிள்ளைன்னு கூப்பிடுவேன். அதுவரைக்கும் அவரு வெறும் சமவெளிக்காரருதான்!"

கெர்னோட் பூட்ஸை அவசரமாகக் கழற்றினான்.

"வெரேனாகிட்ட சொல்லிடுவீங்களா அத்தை?"

"கல்யாணத்துக்கு முன்னாடி சொல்ற பொய்யை நான் பெருசா எடுத்துக்கறதில்ல தம்பி. கல்யாணமாகி, புள்ள பெத்து, தலை நரைச்ச பிறகும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாத்தான் எரிச்சல் வரும்." அவள் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "ஜனவரியில ஒரு வாரம் லீவு போடுங்க. கத்துக்கிட்டு வந்துடலாம்."

"எங்கே போய்க் கத்துக்கறது? இங்கே மூணு வயசுக் குழந்தைகூட என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"இங்கே யாரு கத்துக்கச் சொன்னா? எல்லை தாண்டி ஸ்லோவாக்கியா போங்க. நம்ம ஊர் ஆளுங்க அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாங்க. செலவும் குறைச்சல்."

"எவ்வளவு குறைச்சல்? கல்யாணச் செலவு வேற தலைக்கு மேல இருக்கு..."

"பார்த்துச் செஞ்சா ஒண்ணும் ஆகாது. பண்டிகைக் கூட்டம் கலைஞ்ச பிறகு போங்க, வாடகை தானா இறங்கிடும். பலகை, பூட்ஸ் எதையும் வாங்கித் தொலைக்காதீங்க, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். மலை முழுக்கச் சுத்தற டிக்கெட்டு உங்களுக்கு எதுக்கு? குழந்தைங்க சறுக்கற மேட்டுக்கு மட்டும் வாங்கினாப் போதும்."

"சரி. என்கிட்ட நல்ல ஜீன்ஸ் பேன்ட் ஒண்ணு இருக்கு..."

"ஐயய்யோ! ரெண்டு தடவை விழுந்தா ஊறி விறைச்சுப் போயிடும். என் தம்பியோட பழைய சறுக்குப் பேன்ட்டைத் தரேன். தலைக்கவசத்துல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அப்புறம் தனி வாத்தியார் வேண்டாம், கூட்டத்தோட கத்துக்கங்க. கூட நாலு பேர் விழுந்தா வெட்கம் தெரியாது."

கெர்னோட் வாயைப் பிளந்தான். "இதெல்லாம் எப்படி அத்தை விரல் நுனியில வெச்சிருக்கீங்க?"

"ரொம்ப நாளா மனசுல போட்டு வெச்ச திட்டம்." வால்புர்கா பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "அறையை நானே பேசி முடிச்சுடறேன். ஆனா ரெண்டு கட்டில் அறைதான். தனி ஆளா எடுத்தாக் கட்டுப்படியாகாது. இன்னொருத்தரும் வருவாரு. அவரும் புதுசுதான். பாவம், ரொம்பக் கூச்சப்படுவாரு, நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்."

"எனக்கென்ன அத்தை, குறட்டை விட்டாக்கூடப் பரவாயில்ல."

"விடுவாரு," என்றாள் அவள்.

ஜனவரியில், வெரேனாவிடம் வேலை விஷயமாக வெளியூர் என்று இன்னொரு பொய்யும் சொல்லிவிட்டு, கெர்னோட் பஸ் பிடித்து ஸ்லோவாக்கிய மலையடிவாரம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தான். சின்ன அறை. ஜன்னல் வழியே பார்த்தால் குழந்தைகள் மேட்டில் உருண்டு விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளாவிட்டால் வெரேனாவின் முகத்தில் எப்படி விழிப்பது? வாடகை பூட்ஸை எடுத்து, கொக்கி வெளிப்பக்கம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து மாட்டிக்கொண்டான்.

மாடிப்படியில் கனத்த காலடிச் சத்தம் கேட்டது. கூச்சப்படுகிற அறைத்தோழர் வந்துவிட்டார் போலிருக்கிறது. புன்சிரிப்போடு எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

ஒரு கையில் தொத்திறைச்சிப் பையும் மறுகையில் வாடகை பூட்ஸுமாக, கோர்பினியன் நின்றிருந்தார்.

"மாமா! நீங்க... வெந்நீர் ஊற்று..."

அவர் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. கெர்னோட்டையும் அவன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கட்டில் முனங்க உட்கார்ந்து, இடது காலை ஒரு பூட்ஸுக்குள் திணித்து மூச்சு வாங்க இழுத்தார். அது நுழைவேனா என்றது.

ஊரையே அதிர வைக்கும் அந்தக் குரல் இப்போது அடுத்த கட்டிலுக்கு மட்டும் கேட்கும்படி இறங்கியிருந்தது.

"கொக்கி எந்தப் பக்கமா வரணும், மாப்பிள்ளை?"